மூணாம் நம்பர் டாக்கோட மூலை

எம் புருசன் மேல நானே ரிப்போர்ட் எழுதினேன். ஆமா, எழுதினேன். யாரு கேட்டாலும் மறைக்க மாட்டேன். எழுதும்போது யோசிச்சியான்னு கேக்காதீங்க, யோசிக்கல. எனக்கு அவ்ளோ கோவம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல பெயிண்ட் பக்கெட்டு செய்யற கம்பெனில வேல எனக்கு. பக்கெட்டு செய்யறது மெஷினு, அத்த எண்ணி லாரில ஏத்தி அனுப்பறது நானு. டிஸ்பாட்ச் இன்சார்ஜ் கிரேஸ்னா கேட்டு செக்யூரிட்டிலேர்ந்து லோடுமேன் வரிக்கும் எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருசத்துல அந்த யார்டுல எனக்கு மைக்கு தேவப்பட்டதே இல்ல. எம் புருசன் பென்னி கண்டெய்னர் லாரி ஓட்டறாரு. வண்டி டிரான்ஸ்போர்ட்டுக்காரங்களுது, ஆனா வாரத்துல நாலு நாளு எங்க கம்பெனி லோடுதான். அதனால ஊட்ல ஒரு தபா, டாக்ல ஒரு தபான்னு அந்த மனுசன் தெனம் ரெண்டு ஷிப்டு என்னாண்ட மாட்டுவாரு.

டாக்குன்னா இன்னான்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். எங்க குடோன் தரை யார்டுலேர்ந்து நாலடி ஒசரம். லாரி ரிவர்ஸ்ல வந்து அந்த விளிம்புல ஒட்டி நிக்கணும். ஒட்டினாலும் வண்டித் தரைக்கும் குடோன் தரைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், மேல கீழ ரெண்டு இஞ்சு வித்தியாசம் இருக்கும். இத்தினி வருசமும் ஒரு இரும்புத் தகட்ட அது மேல போட்டு டிராலி தள்ளிக்கினு இருந்தோம். டிராலி ஏறும்போதெல்லாம் தகடு எகிறி யாரு கால் வெரலயாச்சும் பாக்கும். அதுக்குப் பதிலாத்தான் விளிம்புலயே மாட்டற லெவலர் வேணும்னு ஒரு வருசமா நான் கேட்டுக்கினு இருந்தேன். கைப்பிடிய இஸ்தா ஒரு இரும்புப் பலகை தூக்கிக்கினு போய் வண்டித் தரைல படுத்துக்கும், அவ்ளோதான் விசயம்.

ரெண்டு வாரத்துக்கு முன்ன திங்கக்கெழம காலைல, நாஷ்டா முடிச்சுக்கினு வர்றேன், மூணாம் நம்பர் டாக்ல டமார்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா டிரைவர் பக்கத்து மூலைல கான்கிரீட்டு கிரைண்டர் கல்லு சைசுக்குப் பேத்துக்கினு கீழ கெடக்குது. விளிம்புக்குக் காவலா பதிச்சிருந்த இரும்பு ஆங்கிளு வளைஞ்சு வெளிய நீட்டிக்கினு கீது. எவன்டா அவன்னு கத்திக்கினே போறேன், கதவத் தொறந்து எறங்கறாரு எம் புருசன்.

லோடுமேன் ஜெரால்டு இருக்கானே, அவன் வாய் சும்மா இருக்காது. "யக்கா, மாமா வண்டியாச்சே, ரிப்போர்ட்டு எழுதுவியா, இல்ல ஊட்ல வெச்சுப் பாத்துக்குவியா?"ன்னான். நாப்பது பேரு சிரிச்சாங்க. அந்த எடத்துலயே நின்னு எழுதினேன். காரணம்னு இருந்த கட்டத்துல 'டிரைவர் கவனக்குறைவு'ன்னு அழுத்தி எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

மேனேஜர் தணிகைவேல் சார் அத்தப் படிச்சாரு. "புது லெவலர் மாட்டி முடிக்கற வரிக்கும் பென்னி கேட்டுக்குள்ள வர வேணாம். மாட்டின அன்னிக்கு ஃபைல மூடிடலாம். காரணம் இதேதான்னு நின்னுச்சுன்னா இந்தக் கேட்டு அவருக்கு அப்புறம் கெடையாது"ன்னாரு. டிரான்ஸ்போர்ட்டு ஓனரு இன்னும் ஒரு படி மேல போனாரு. இந்தக் கம்பெனிக்கு ஆவாதவன நான் இன்னா பண்றது, நாக்பூர் லைன்ல போட்டுடறேன்னுட்டாரு. நாக்பூர் லைன்னா மாசத்துல இருபத்திரண்டு நாளு ரோட்டுலதான் குடும்பம்.

சாயங்காலம் ஊட்ல போய் நிக்க வெச்சுக் கேட்டேன். "பிரேக்கு புடிக்கலியா?"

"புடிச்சது."

"கண்ணு தெரியலியா?"

"நல்லாத் தெரியுது."

"அப்புறம் எப்படிய்யா இடிச்சே?"

"தெரியல கிரேசு. எந் தப்புதான். வுடு."

பத்தொம்பது வருசமா வண்டி ஓட்டற மனுசன், ஒரு கோடு போட்டதில்ல வண்டில. இவ்ளோ பெரிய டாக்க ஒடச்சுட்டு ஒரு சண்ட கூட போடாம ஒத்துக்கினா எனக்கு இன்னும் பேஜாரா இருக்காதா? எங்க பொண்ணு ஷைனி தட்டுல சோத்தப் போட்டுக்கினே, "அம்மா, நீ ஆபீஸ முடிச்சுட்டு வா, நாங்க வெயிட் பண்றோம்"னா. அவளயும் ஒரு வாங்கு வாங்கினேன்.

அந்த வியாழக்கெழம காக்களூர்லேர்ந்து லெவலர் மாட்ட ஆளு வந்தான். பேரு தேசப்பன், ஃபிட்டரு, நாப்பது வயசு இருக்கும். கூட ரெண்டு வெல்டருங்க. வந்தவன் டூல்ஸ எடுப்பான்னு பாத்தா, ஒடஞ்ச மூலைக்கு எதிர்ல குந்திக்கினான். டீ வந்துச்சு, குடிச்சான். மறுபடியும் அந்த மூலையவே பாத்துக்கினு குந்தினான். முக்காமணி நேரம்.

"இன்னா தேசப்பா, பொண்ணு பாக்க வந்தியா? எழுந்து வேலயப் பாரு"ன்னேன்.

"மேடம், இது ஒடஞ்சது எப்படி?"

"டிரைவர் தப்பு."

"எத்தினி டிரைவர்?"

"எத்தினியா? ஒருத்தர்தான்."

அவன் பாக்கெட்லேர்ந்து ஒரு ஆணி எடுத்தான். வளைஞ்ச ஆங்கிளு மேல சொரண்டினான். அதுல நீலம் வந்துச்சு. பக்கத்துல சொரண்டினான், ஆரஞ்சு. அதுக்குக் கீழ மஞ்சள், பச்ச, மறுபடியும் நீலம். சாக்பீஸால ஒவ்வொண்ணுத்துக்கும் வட்டம் போட்டுக்கினே வந்தான், பதினோரு வட்டம். "மேடம், பதினோரு வண்டி இடிச்சுக் கீது. எல்லாம் இதே மூலைல. உள்ள கான்கிரீட்டு ஏற்கெனவே வெடிச்சுப் போயி வெறும் தோலு நின்னுக்கினு இருந்திருக்கு. கடசியா வந்தவன் தலைல வுழுந்துச்சு, அவ்ளோதான்"னான்.

எனக்கு நெஞ்சுல ஒரு எடத்துல குளுந்துச்சு. இன்னொரு எடத்துல எரிஞ்சுது. எம் புருசன் மட்டும் இல்லன்னு சந்தோசம். அப்போ மத்த பத்துப் பேரும் சத்தமில்லாம வண்டிய எடுத்துக்கினு போயிருக்கானுங்களேன்னு ஆத்திரம்.

"வேல இன்னா செய்யணுமோ அத்த செய்"ன்னேன்.

"செய்யறேன். அடிபட்டத வெட்டி எடுத்துட்டு, நல்ல கான்கிரீட்டு வரிக்கும் போயி, புது இரும்புச் சேனல் வெச்சு, ஆங்கர் போல்ட் அடிச்சு, கிரவுட்டுன்னு கெட்டிச் சிமெண்டுக் கலவை ஊத்தித் தர்றேன். ஆனா லெவலர மாட்ட மாட்டேன்."

"மாட்ட மாட்டியா? அதுக்குத்தானேய்யா உன்னக் கூப்ட்டது!"

"மேடம், அது விளிம்புல தொங்கற பொருளு. பத்து நாள்ல இன்னொருத்தன் வந்து இடிச்சான்னா அப்பளமாப் பூடும். அப்போ தேசப்பன் மாட்டினது சரியில்லன்னுதான் சொல்லுவீங்க. ஏன் இடிக்கிறாங்கன்னு தெரியட்டும், மாட்டறேன்."

அவன் மேல எனக்குக் கோவம் வந்திருக்கணும். வரல. ஏன் இடிக்கிறாங்கன்னு தெரிஞ்சா ஃபைல்ல காரணம் மாறும். மாறினா பென்னி நாக்பூர் போவ வேணாம். அதனால நானும் அவங்கூட சேந்து தேட ஆரம்பிச்சேன்.

அவன் ஒரு பக்கம் சாயந்தரம் வரிக்கும் வெட்டினான். நான் ஒரு பக்கம் சந்தேகப்பட்டேன். யார்டு சரிவா இருக்குமோன்னு டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாக்கச் சொன்னேன், ஒண்ணாம் நம்பருக்கும் மூணாம் நம்பருக்கும் ஒரு நூலு கூட வித்தியாசம் இல்ல. வெயிலு கண்ணாடில அடிக்குதோன்னு பாத்தேன், அந்தப் பக்கம் எப்பவும் குடோன் நிழலுதான். கடசியா, குடிச்சுட்டு வர்றானுங்கோன்னு முடிவு பண்ணேன். சனிக்கெழமையும் திங்கக்கெழமையும் உள்ள வந்த அத்தினி டிரைவரையும் நிறுத்தி, "ஊதுய்யா"ன்னேன். ஒருத்தன் பூண்டு, ஒருத்தன் பீடா, ஒருத்தன் மூணு நாளா பல்லே வெளக்கல. சாராயம் மட்டும் இல்ல. ஜெரால்டு எனக்கு ஒரு மாஸ்க்கு கொண்டாந்து குடுத்தான், அவன அதாலயே அடிச்சேன்.

புதன்கெழமைக்குள்ள கிரவுட் நல்லா எறுகிடுச்சு. புது விளிம்பு பாக்கவே ஆசையா இருந்துச்சு. வெள்ளிக்கெழம ஒம்போதரைக்கு பூஜை, பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், அதுக்குள்ள லெவலர் தூக்கி எறங்கணும்னு தணிகைவேல் சார் நாள் குறிச்சுட்டாரு. தேசப்பன் இன்னும் குந்திக்கினு யோசன பண்றான்.

"ஒரு டிரயல் பாக்கலாம் மேடம்"னான். ரெண்டு பழைய லாரி டயர விளிம்புல கயிறு கட்டித் தொங்க வுட்டான். டயருக்கு முன்னால தெர்மாகோல் ஒட்டினான். நாலு வண்டி வரச் சொல்லி, ஒவ்வொண்ணயும் மொதல்ல ஒண்ணாம் நம்பர்ல வுடச் சொன்னான். நாலு பேரும் மெத்துனு வந்து நின்னாங்க. அதே நாலு பேர மூணாம் நம்பருக்கு அனுப்பினான். மெதுவாத்தான் வர்றாங்க, அழகா நேராத்தான் வர்றாங்க. கடசி ஆறடில இன்னா ஆவுதுன்னு தெரியல, வண்டி லேசா கோணிக்கினு ஒரு குலுக்கு, டிரைவர் பக்கத்து மூலைல தெர்மாகோல் பொடிப் பொடியா பறக்குது. நாலு வண்டியும் அப்படித்தான்.

"சரி, நான் உள்ள ஏறிப் பாக்கறேன்"னு தேசப்பன் துளசிராமன் வண்டில ஏறினான். அவரு எங்க பழைய டிரைவரு, நிதானமான ஆளு. வண்டி முன்ன போயி, ரிவர்ஸ்ல வந்து, அதே எடத்துல அதே குலுக்கு. கதவு தொறந்துச்சு. தேசப்பன் எறங்கி, சக்கரத்தப் புடிச்சுக்கினு சிரிக்கறான். பேச்சே வரல அவனுக்கு. கண்ணுல தண்ணி.

"இன்னாடா? சொல்லித் தொலையேன்!"

"யக்கா," மேடம் போயி அக்கா ஆயிடுச்சு, "நான் சொன்னா நீ நம்ப மாட்டே. நீயே ஏறிப் பாரு."

சுடிதார இழுத்துச் செருவிக்கினு ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி படுக்கற பலகை இருக்கும்ல, அதுல குந்தி, துளசிராமன் தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். வண்டி பின்னால போவுது. அவரு கண்ணு வலது பக்கத்துக் கண்ணாடில. இருபதடி, பத்தடி, ஒண்ணும் இல்ல. ஆறடி வந்துச்சு. மனுசன் சட்டுனு வலது காலச் செருப்புலேர்ந்து வெளிய எடுத்தாரு. ஸ்டியரிங்க வுட்டுட்டு ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கினாரு. அப்பால வெறுங்கால வெச்சு பிரேக்கத் தேடி மிதிச்சாரு. அதுக்குள்ள குலுக்கு வந்துடுச்சு.

"இன்னாத்துக்குய்யா கன்னத்துல போட்டுக்கினே?"

"நானா? எப்போ மேடம்?" அவருக்கே தெரியல. நான் கண்ணாடியக் காட்டினேன். அவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். ஜெனரேட்டர் ரூம் செவுரு முட்டற அந்த மூலைல ஒரு சாமிப் பட டைலு, நடுவுல புள்ளையாரு, ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா, இன்னொரு பக்கம் மெக்கா. வண்டி நேராயி கடசி ஆறடிக்கு வரும்போதுதான் அந்த டைலு கண்ணாடிக்குள்ள வருது. வந்தா அவ்ளோ தெளிவா வருது.

"சாமி மேடம்"னாரு துளசிராமன். "செருப்புக் காலோட எப்படி?"

அடுத்து தானியேல் வண்டில ஏறினேன். அவரு நெத்திலேர்ந்து நெஞ்சு, இந்தத் தோளு, அந்தத் தோளுன்னு முழுசா ஒரு சிலுவை போட்டாரு, அவ்ளோ நேரமும் ஸ்டியரிங்கு அநாத. பழவேற்காட்டு பாய் ஒருத்தரு, வெரலக் கண்ணுல ஒத்தி முத்தம் குடுத்தாரு. கேட்டா எல்லாரும் அய்யோ நான் இல்ல மேடம்ங்கறாங்க. சாமி கும்பிட்டு டாக்க இடிச்சேன்னு எவன் வெளிய சொல்லுவான்? பதினோரு பேரும் தான் ஒருத்தன்தான்னு நெனச்சு வாய மூடிக்கினு போயிருக்கானுங்க.

யார்டு முழுக்க சிரிப்பு. தேசப்பன் கண்ணத் தொடச்சுக்கினு கேட்டான். "இந்த மூலைல யாருக்கா இந்த டைல ஒட்டினது?"

எனக்குக் காது ரெண்டும் சூடாச்சு.

எட்டு மாசத்துக்கு முன்ன அந்த மூலைல நிக்க முடியாது. நாத்தம். லோடுக்கு வர்ற டிரைவருங்க நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் காத்துக்கினு கெடப்பாங்க, உள்ள இருக்கற டாய்லெட்டுக்கு ஸ்டாஃப் கார்டு வேணும். அவங்களுக்குன்னு ஒண்ணு கட்டித் தாங்க சார்னு தணிகைவேல் சார மூணு தபா கேட்டேன். மூணு தபாவும் "பாக்கலாம் கிரேஸ்"னாரு. எனக்கு வந்துச்சு ஆத்திரம். புதுவாயல் போயி மூணு சாமியும் இருக்கற டைல வாங்கியாந்து, சிமெண்டு கொழச்சு, என் கையாலயே ஒட்டினேன். மறுநாள்லேர்ந்து மூலை காஞ்சு கெடந்துச்சு. மாசாந்திர மீட்டிங்ல எனக்குக் கை தட்டினாங்க. நல்ல யோசனைன்னு ஒரு சர்டிபிகேட்டு கூட குடுத்தாங்க.

டாக்கோட மூலை எட்டு மாசத்துக்கு முன்ன வரிக்கும் ஒடஞ்சதே இல்லன்றது அப்பத்தான் எனக்கு உறைக்குது.

"நாந்தான் தேசப்பா"ன்னேன். ஜெரால்டு கூட சிரிக்கல.

ஊட்டுக்குப் போனேன். பென்னி கட்டில்ல குந்திக்கினு துணிய மடிச்சு பைக்குள்ள வெச்சுக்கினு இருந்தாரு. நாக்பூருக்கு. ரெண்டு லுங்கி, பேஸ்ட்டு, தைலம். ஸ்வெட்டர் கூட எடுத்து வெச்சிருந்தாரு, இந்த வெயில்ல. நான் பைய இஸ்து கீழ போட்டேன்.

"அந்த மூலைல டைல்ல மாதாவப் பாத்தா இன்னா பண்ணுவே?"

அவரு மடிச்சுக்கினு இருந்த சட்டைய அப்படியே புடிச்சுக்கினாரு. "சிலுவ போடுவேன்."

"வண்டி ஓட்டிக்கினா?"

"கை தன்னால போவுது கிரேசு."

"அப்போ உனக்குத் தெரியும்! இடிச்ச அன்னிக்கே தெரியும்! கேட்டனே, நிக்க வெச்சு அவ்ளோ கேட்டனே, ஏன்யா சொல்லல?"

ஷைனி சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்தா. பென்னி சட்டைய மடிச்சு முடிச்சு, கட்டில்ல வெச்சு, அப்புறம்தான் பேசினாரு.

"டைலு ஒட்டினது நீயி. அதுக்கு உனக்கு சர்டிபிகேட்டு குடுத்தாங்க, நீ எனக்குப் பிரியாணி வாங்கிக் குடுத்தே. நான் போயி டைலாலதான் இடிச்சேன்னு சொன்னா ரிப்போர்ட்டுல யாரு பேரு வரும்?"

அந்தப் பத்து நாளா இவரு எதுத்துப் பேசலியே, சொரணையே இல்லியான்னு நான் திட்டாத திட்டு இல்ல. இந்த மனுசன் என் பேர மறைச்சு வெச்சுக்கினு நாக்பூருக்கு ஸ்வெட்டர் எடுத்து வெச்சிருக்காரு. அழுகையா வந்துச்சு. அழுதா ஷைனி பாத்துடுவாளேன்னு, "மாதாகிட்ட அப்படி இன்னாதான் வேண்டிக்கினே, டாக்கு ஒடையற அளவுக்கு?"ன்னு அதட்டினேன்.

"இன்னிக்கு நீ எல்லார் முன்னாலயும் என்னக் கத்தாம இருக்கணும்னு"ன்னாரு.

ஷைனி சிரிச்ச சிரிப்புல குக்கரு விசிலு கூட கேக்கல. நானும் சிரிச்சேன், சிரிச்சுக்கினே அழுதேன், இப்போ யாரு பாத்தா எனக்கு இன்னா.

மறுநாள் வியாழக்கெழம காலைலயே தணிகைவேல் சார் ரூமுக்குப் போனேன். காரணத்த மாத்தணும் சார்னு விசயத்த முழுசாச் சொன்னேன். அவரு பேனாவ மூடித் தொறந்து மூடினாரு. "கிரேஸ், டைல்னு எழுதி அனுப்பினா ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்க. டிரைவர்னு இருக்கட்டுமே, லாரி டிரைவருக்கு லோடு எங்க போனாலும் கெடைக்கும்"னாரு.

"அவரு இடிச்சதுக்குக் காரணம் நானு சார்."

"அப்படி எழுதினா மெமோ உங்க பேருக்கு வரும். பெர்மிஷன் இல்லாம டாக்ல எதையும் ஒட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு. மூணு மாசம் உங்கள டாக்லேர்ந்து எடுத்து பேக்கிங்ல போடுவாங்க. உங்களுக்குக் கீழ இருந்தவங்க உங்களுக்கு மேல நிப்பாங்க. யோசிச்சுக்கங்க."

யோசிச்சேன். பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே யோசிச்சேன். பதினோரு வருசத்து டாக்கு. ஜெரால்டு வாய் இன்னா பேசும்னு யோசிச்சேன். அப்புறம் அந்த ஸ்வெட்டரு ஞாபகம் வந்துச்சு. "பேனா குடுங்க சார்"னேன்.

எழுதினேன். மூணாம் நம்பர் டாக்கின் விளிம்பு உடைந்ததற்குக் காரணம், டிஸ்பாட்ச் இன்சார்ஜ் கிரேஸ் ஆகிய நான் அனுமதி இல்லாமல் ஒட்டிய சாமிப் பட டைல். ஓட்டுநர் பென்னி மீது தவறு இல்லை. டைல் ஒட்டியதற்குக் காரணம், ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை இல்லாதது. அதற்காக மூன்று முறை மேனேஜரிடம் கேட்கப்பட்டது.

சார் படிச்சாரு. கடசி வரி மேல வெரல வெச்சாரு. "இது அவசியமா?"

"எம் பேரு இருந்தா அந்த வரியும் இருக்கும் சார்."

அவரு தலையச் சொரிஞ்சுக்கினே கையெழுத்துப் போட்டாரு. மத்தியானம் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால கொத்தனாரு ஒருத்தன் டேப்பு புடிச்சு டாய்லெட்டுக்கு எடம் அளந்துக்கினு இருந்தான்.

டைல எடுக்க ஆளு கெடைக்கல. தேசப்பன் பத்தடி தள்ளி நின்னுக்கினு, "யக்கா, இரும்புன்னா எத்த வேணாலும் வெட்டுவேன், இது வேணாம்"னான். வெல்டருங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனவங்க வரவே இல்ல. நானே செருப்பக் கழட்டி வெச்சேன். மூணு பேராண்டயும் மன்னிப்பு கேட்டேன். உங்களால ஒரு தப்பும் இல்ல, இந்தப் பசங்களுக்கு பக்தி ஜாஸ்தி, எனக்கு புத்தி கம்மின்னு சொல்லிட்டு, உளிய ஓரத்துல குடுத்து மெல்ல மெல்ல தட்டினேன். மூச்சே வுடல நானு. ஒரு கீறல் இல்லாம முழுசா கைல வந்துச்சு. எடுத்துக்கினு போயி கேட்டு செவுத்துல ஒட்டினேன். அங்க பேப்பர் பாக்க எப்படியும் வண்டிய ஆஃப் பண்ணிட்டுத்தான் நிக்கணும், எவ்ளோ நேரம் வேணாலும் கும்பிடட்டும். இந்தத் தபா செக்யூரிட்டி ஆபீசர்கிட்ட எழுத்துல பெர்மிஷன் வாங்கிட்டுத்தான் ஒட்டினேன்.

அன்னிக்கு சாயங்காலமே தேசப்பன் லெவலர மாட்டிட்டான். புது சேனலோட வெச்சு வெல்டு பண்ணி, ரெண்டு பக்கமும் ரப்பர் பம்பர் போல்ட் போட்டு, கைப்பிடிய எட்டு தபா இஸ்துப் பாத்தான்.

வெள்ளிக்கெழம ஒம்போதரைக்கு பூஜை. நான் அங்க இல்ல. காலைலயே மெமோ வந்துடுச்சு, பேக்கிங்ல நின்னு பக்கெட்டுக்கு மூடி எண்ணிக்கினு இருந்தேன். ஜன்னல் வழியா யார்டு தெரியும். கேட்டுல பென்னி வண்டி வந்து நின்னுச்சு, மொத லோடு அவருக்குத்தான். எண்ணிக்கினு இருந்த மூடி எத்தினின்னு மறந்தே போச்சு. வண்டி திரும்பி, நேராயி, மூணாம் நம்பருக்குப் பின்னால போவுது. பத்தடி. ஆறடி. ஒரு கோணல் இல்ல. ரப்பர்ல போயி பொத்துனு ஒக்காந்துச்சு. தேசப்பன் கைப்பிடிய இஸ்தான், பலகை எழும்பி வண்டிக்குள்ள படுத்துக்கினுச்சு. ஜெரால்டு டிராலியத் தள்ளிக்கினு உள்ள போயி வெளிய வந்தான், ஒரு சத்தம் இல்ல. எல்லாரும் கை தட்டினாங்க, நான் ஜன்னலாண்ட தனியா நின்னு தட்டினேன்.

பென்னி எறங்கி அங்க இங்க தேடறாரு. ஜெரால்டு கைய நீட்டி பேக்கிங் பக்கம் காட்டி என்னமோ சொல்றான். அவ்ளோதான், எம் புருசன் யார்டக் குறுக்க வெட்டிக்கினு வேக வேகமா வர்றாரு. வந்து பேக்கிங் வாசல்ல நின்னு, இருபது பொம்பளைங்க முன்னால, கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல கேக்காத ஒரு சத்தத்துல கத்தினாரு.

"உன்ன யாரு எழுதச் சொன்னது? மூணு மாசம் நின்னுக்கினே மூடி எண்ணுவியா, முட்டி வலிய வெச்சுக்கினு? பதினோரு வருசமா கட்டிக் காத்த டாக்கு அது! நான் நாக்பூர் போயிட்டு வந்திருக்க மாட்டனா? இருபத்திரண்டு நாளு, அது ஒரு நாளா?"

பக்கத்துல மெஷின் ஓட்டிக்கினு இருந்த சுகிர்தா அத்த ஆஃப் பண்ணிட்டு வேடிக்க பாக்கறா. பென்னிக்கு ஒதடு துடிக்குது, கண்ணு செவந்து கீது. நான் கைல இருந்த மூடிய வெச்சேன்.

"உனக்கு அது ஒரு நாளா இல்லாம இருக்கலாம். அந்த இருபத்திரண்டு நாளும் நான் ஊட்ல யாரு மூஞ்சியய்யா பாத்துக்கினு இருப்பேன்?"

அவரு கழுத்துல இருந்த துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சாரு, கண்ணயும் சேத்துத் தொடச்சாரு. அதுக்குள்ள டாக்லேர்ந்து லோடு ஏறிடுச்சுன்னு ஆளு கூப்ட்டுட்டான். "மத்தியானம் சாப்புட வந்துடறேன்"னு சொல்லிட்டு வண்டிக்குப் போனாரு.